கருநீலிக்கு ஒரு காலி இலை

"ஒரே ஒரு முட்டையைக் காட்டுக்கா. மெஷினை நானே நிறுத்துறேன்."

என் தம்பி இதைச் சொன்னபோது தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவன் சாலைத் துறையில் சூப்பர்வைசர். சொன்னால் சொன்னதுதான். எங்கள் அப்பா வீட்டைக்கூட இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். பிடிவாதத்தை மட்டும் ஆளுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

"காட்டுறேன்டா. அப்புறம் மேலதிகாரி திட்டுவார், அது இதுன்னு இழுக்கக் கூடாது" என்றேன்.

"நான் என்னைக்குக்கா இழுத்திருக்கேன்?"

விஷயம் இதுதான். மலைச் சாலையில் பெரிய வளைவு ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே செங்குத்தாக ஒரு சரிவு. சரிவின் உச்சியில் எந்நேரமும் மூடுபனிக்குள் கிடக்கும் காடு. அங்கே மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளராது. உடம்பெல்லாம் பாசி பிடித்து, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். சரிந்த இடத்தில் வெயில் விழும். வெயில் விழுந்த அந்தப் புது மண்ணில்தான் கசப்புக் கொடி முளைக்கும். அடர்ந்த காட்டுக்குள் வைத்தால் அழுகிவிடும், கீழே பள்ளத்தாக்கில் வைத்தால் காய்ந்துவிடும். மழையும் பனியும் வெயிலும் மூன்றும் அளவாகக் கிடைக்கும் அந்த ஒரு சரிவை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்தக் கொடிக்கே போக்கிடம் இல்லை என்றால் கருநீலிக்கு எங்கே இருக்கும்? கருநீலி என்பது நாங்கள் வைத்த பெயர். கறுப்புச் சிறகு, திரும்பும்போது மட்டும் அதில் ஒரு நீலம் ஓடும். கைவிரலை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய வண்ணத்துப்பூச்சி. அதன் புழு கசப்புக் கொடியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காது. ஆக, அந்த இனத்தின் மொத்தக் குடும்பமும் அந்த வளைவுக்கு மேலேதான். வனத்துறைக்காக அதைக் கண்காணிப்பது என் வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், ஒருத்தியைக் காவல் காப்பதற்கே நேரம் போதவில்லை என்று சொல்லிவிடுவேன்.

என் தம்பிக்கு அதே சரிவு வேறு மாதிரி. சரியும் மண்ணோடு கல்லும் வருகிறதே. போன மழைக்காலத்தில் ஒரு கல் பஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் டிரைவரின் தோள்பட்டையை நொறுக்கியது. அந்த பஸ்ஸில் இரண்டாவது சீட்டில் என் தம்பி மனைவி இருந்தாள். கீழே டவுனில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள், தினமும் அதே பஸ்ஸில்தான் போய் வருவாள். அன்று சாயங்காலம் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தலைமுடியிலிருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக இவன்தான் எடுத்தான். எடுத்து முடித்தும் மறுபடி முதலிலிருந்து தேடினான். அதனால் அவன்மீது கோபப்பட எனக்கு வாய் வருமே தவிர மனசு வராது.

அவன் திட்டம், சரிவிலுள்ள செடி கொடிகளை வழித்தெடுத்துவிட்டு, கம்பி வலை அடித்து, அதன்மேல் மெஷினால் சிமெண்டைப் பீய்ச்சி அடித்து மொத்தத்தையும் மூடிவிடுவது. என் திட்டம், சரிவைத் தொடாமல், சாலையோரத்தில் இரும்புக் கம்பங்கள் நட்டு, விழுகிற கல்லைப் பிடிக்கும் கனத்த வலை கட்டுவது. அதுவும் நடக்கிற காரியம்தான், வேலை மட்டும் ஜாஸ்தி என்று அவனே ஒப்புக்கொண்டான். அபூர்வமான உயிரினம் குஞ்சு பொரிக்கும் இடத்தில் சிமெண்ட் போடக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஆனால் அங்கே அது இனம் பெருக்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். முட்டையோ, புழுவோ, கூடோ காட்ட வேண்டும்.

"பறக்கிறதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. காத்துல எங்கிருந்து வேணாலும் வந்திருக்கலாம்" என்பார் தலைமை அலுவலகத்து மேடம். நல்லவர்தான். ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பவே மாட்டார்.

நானும் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சரிவில் தொங்கியபடி ஒவ்வொரு இலையாகப் பார்ப்பேன். பார்த்த இலையையே திரும்பப் பார்க்கக் கூடாதே, அதற்கு ஓர் அடையாளம் வைக்க வேண்டும். மை வைத்தேன், மழை கழுவிவிட்டது. காகிதம் கட்டினேன், பனியில் ஊறிக் கூழாகிவிட்டது. கடைசியில் நெயில் பாலிஷ்தான் நின்றது. தம்பி மனைவி அதை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். ஆரஞ்சு கலந்த சிவப்பு.

"இந்தக் கலரை ஒருத்தர்கூட போட்டுக்க மாட்டேங்கிறாங்க அண்ணி. உங்க கொடியாவது போட்டுக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து பார்த்து முடித்த இலைக்கெல்லாம் மேல்பக்கம் கடுகளவு ஒரு பொட்டு. புதுத் தளிர் விட்டால் அதையும் பார்த்து உடனே ஒரு பொட்டு. என் கயிறு எட்டிய தூரத்தில் ஒரு இலை விட்டுப்போனது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் எனக்குப் பெரிய கர்வம்.

கருநீலி வராமலும் இல்லை. மதியம் பனி விலகிக் கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும்போது வந்துவிடுவாள். ஓர் இலையில் இறங்கி முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்ப்பாள். அவர்களுக்குக் காலில்தான் ருசி. சரியான கொடிதான் என்று தெரிந்துகொண்டதும் முட்டையிட வேண்டியவள், சட்டென்று எழும்பி அடுத்த இலைக்குப் போவாள். அங்கேயும் தட்டுவாள், எழும்புவாள். துணிக்கடையில் எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவள் மாதிரி போய்விடுவாள். எனக்கு அழுகையே வரும். "உனக்கு என்னதான்டி வேணும்?" என்று கத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மெஷின் வருகிறது என்று முடிவாகிவிட்டது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போய் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். மேடம் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, முடியாது என்றார்.

"திங்கட்கிழமை நானே வரேன். அதுக்குள்ள ஏதாவது கிடைச்சா காட்டுங்க. இல்லன்னா மனசைத் தேத்திக்கோங்க."

மனசைத் தேற்றிக்கொள்கிற ஜென்மமா நான்? கொதித்துக்கொண்டே பஸ் நிலையத்துக்கு வந்தேன். பஸ்ஸில் ஏறினால் ஓர் ஆள்கூட இல்லை, ஆனால் ஒரு சீட்டும் காலி இல்லை. ஒன்றில் பை, ஒன்றில் குடை, ஒன்றில் செய்தித்தாள், ஒன்றில் கைக்குட்டை. ஆட்கள் எல்லாம் கீழே டீக்கடையில். பையை நகர்த்தப் போனால் ஜன்னலுக்கு வெளியே இருந்து "ஆள் வருதும்மா!" என்று சத்தம். குடையைத் தொட்டால் இன்னொரு "ஆள் வருது!" வாய்ச்சண்டைக்கு எனக்கு அன்று தெம்பு இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் புறப்பட்டது. பைக்காரர் வந்து உட்கார்ந்தார், குடைக்காரர் வந்து உட்கார்ந்தார். கைக்குட்டை போட்ட சீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. முந்தின தடவை இறங்கிப் போன எவரோ மறந்து விட்டுப் போனது போலிருக்கிறது. நாங்கள் நாலைந்து பேர் கால் வலிக்க நின்றுகொண்டு, ஆள் இல்லாத அந்த சீட்டை மரியாதையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒருவருக்கும் அந்தக் கைக்குட்டையை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மலையேறத் தொடங்கும் இடத்தில் அது எனக்கு உறைத்தது.

"அடிப் பாவி!" என்று கத்திவிட்டேன். மொத்த பஸ்ஸும் திரும்பியது.

"என்னம்மா, பர்ஸ் போச்சா?" என்று பதறினார் கண்டக்டர்.

"பர்ஸ் இல்லங்க, புத்தி. போய் ஒரு வருஷம் ஆச்சு. இப்பதான் கிடைச்சுது."

கருநீலியின் முட்டை ஆரஞ்சு கலந்த சிவப்பு, கடுகளவு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஓர் இலைக்கு ஒரு முட்டைக்கு மேல் அவள் வைக்க மாட்டாள், ஏனென்றால் இரண்டு புழுக்கள் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதுவும் தெரியும். ஏற்கெனவே முட்டை இருக்கிற இலையைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவாள். அதுவும் மனப்பாடம். இவ்வளவும் தெரிந்த மகராசி நான், ஒரு வருஷமாக ஓர் இலை விடாமல், அதே நிறத்தில், அதே அளவில் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் எந்த இலையில் இறங்கினாலும் அங்கே ஆள் இருக்கிறது. என் கயிறு எட்டாத ஏதோ பாறை இடுக்கில் வைத்துத்தான் இனத்தை இதுவரை காப்பாற்றியிருக்க வேண்டும். என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது.

வீட்டு வாசலிலேயே நின்று இரண்டு பேரிடமும் சொன்னேன். என் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தான்.

"ஒரு வருஷமா அவளுக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டி வச்சிருக்கியேக்கா!"

"சிரிடா, சிரி. திங்கட்கிழமை பார்த்துக்கலாம்."

"ரிமூவர் வச்சுத் துடைச்சா இலை கருகிடும் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அவள் சிரிக்கவில்லை. "நகத்தால ஓரத்தைக் கிளப்பி உரிச்சா படலமா வந்துடும். நாளைக்குக் கடையைச் சாத்திட்டு நானும் வரேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான் அவன், சிரிப்பை நிறுத்திவிட்டு.

"பாலிஷ் என்னோடதாச்சே" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் சரிவில் இறங்கினோம். உரிப்பது வாயால் சொல்கிற மாதிரி சுலபம் இல்லை. புதுப் பொட்டு தோல் மாதிரி கழன்று வந்தது. பழையது இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. அவசரப்பட்டால் இலை கிழிந்தது. மதியத்துக்குள் என் நகங்கள் மழுங்கிவிட்டன. அவளுடைய நகங்கள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகவே பார்த்துப் பார்த்து வளர்த்தவை. ஒவ்வொன்றாக உடைந்தன. உடைந்ததைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த இலையைப் பிடித்தாள்.

கீழே வளைவில் ஒரு பஸ் போனது. அவள் வேலையை நிறுத்திவிட்டு அது மறையும்வரை பார்த்தாள்.

"இந்த வளைவு வந்தா தினமும் கண்ணை மூடிக்குவேன் அண்ணி. அவர்கிட்ட சொன்னதில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "வலை கல்லைப் பிடிக்குமா?"

பிடிக்கும் என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட விதத்தில் எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"ஒவ்வொரு கம்பத்தையும் நடும்போது பக்கத்துலயே நிப்பேன். உன் புருஷன் ஒழுங்காத்தான் செய்வான், இருந்தாலும் நிப்பேன். நட்டு முடிச்சப்புறம் தினமும் உன்கூட அதே பஸ்ல வருவேன். ஜன்னலோர சீட்ல நான் உக்காருவேன், நீ உள்பக்கம்."

அவள் கயிற்றை இறுக்கிக்கொண்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். இருட்டுவதற்குள் ஒரு பொட்டு பாக்கி இல்லாமல் உரித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகவே இல்லை. என் கை எனக்கே தெரியாத அளவுக்கு வெள்ளையாக அடைத்துக்கொண்டு நின்றது. வெயில் இல்லாமல் கருநீலி பறக்க மாட்டாள். நான் நாள் முழுக்க ஈரப் பாறையில் உட்கார்ந்து, பனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் அவள் வாசலை அடைத்து வைத்துவிட்டு, திறந்த அன்றைக்கு அவள் வராமலே போய்விடுவாளோ என்ற பயம்.

திங்கட்கிழமை காலை மெஷின் லாரியில் வந்து இறங்கியது. மேடம் ஜீப்பில் வந்தார். பனி அப்போதும் விலகவில்லை. என் தம்பி ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தான். குழாய்களை மாட்டச் சொன்னான், மாட்டியதும் ஒரு மூட்டு ஒழுகும் போலிருக்கிறது என்று கழற்றச் சொன்னான், திரும்ப மாட்டச் சொன்னான். அவன் கீழ் வேலை செய்யும் குழாய்கள் ஒழுகி நான் பார்த்ததே இல்லை. அவன் என் பக்கம் திரும்பவில்லை.

மதியம் நெருங்கும்போது உச்சியில் வெளிச்சம் வந்தது. நான் கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

"இரு, தனியா ஏறாத" என்று என் பின்னாலேயே வந்து கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான் தம்பி. மேடமும் மெதுவாகப் பாதி தூரம் ஏறி வந்து, ஒரு பாறையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

பனி விலகியது. வெயில் கொடிகள்மீது விழுந்தது. அவள் வந்தாள்.

முதல் இலையில் இறங்கினாள், தட்டினாள், எழும்பினாள். இரண்டாவது இலை எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புதுத் தளிர். இறங்கினாள். தட்டினாள். எழும்பவில்லை. திரும்பவும் தட்டினாள், நம்ப முடியாதவள் மாதிரி. பிறகு உடம்பின் நுனியை வளைத்து இலையைத் தொட்டாள். சிறகில் நீலம் ஓடியது. அவ்வளவுதான், போய்விட்டாள்.

இலையில் ஆரஞ்சு நிறத்தில் கடுகளவு ஒன்று இருந்தது. அவள் வைக்கும்போது நான் செல்போனில் படம் எடுத்திருந்தேன். கயிற்றில் தொங்கிய ஆட்டத்தில் அதில் பச்சையாக ஏதோ ஒரு குழப்பம்தான் விழுந்திருந்தது.

"மேடம்! முட்டை மேடம்!"

மேடம் அந்த நேரம் பார்த்து வந்த போனில் பேசிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தார். போனை வைத்துவிட்டு ஏறி வந்தார். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பனி ஈரத்தில் லென்ஸ் மங்கிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சங்கடம்.

"நீங்க அனுப்பின படங்கள்ல எல்லா இலையிலயும் இதே கலர்ல பொட்டு இருந்துச்சேம்மா. உரிச்சுட்டோம்னு சொல்றீங்க, சரி. இது ஒண்ணு விட்டுப்போன பொட்டு இல்லன்னு நான் எப்படி எடுத்துக்கறது?" பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார். "லேசாக் குத்திப் பார்க்கலாமா? முட்டைன்னா உடையும்."

"உடைஞ்சா?" என்றேன். "மேடம், ஒரு வருஷத்துல என் கண்ணுல பட்ட ஒரே முட்டை இதுதான். இதை உடைச்சு நிரூபிக்கிறதுக்குப் பதிலா நான் தோத்துட்டே போறேன்."

என்னுடைய பொட்டே எனக்கு எமனாக வந்து நிற்கிறது. மேடம் ஊசியை உள்ளே வைத்துக்கொண்டார். கீழே மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, ஆப்பரேட்டர் மேலே பார்த்துக் கையசைத்தார்.

"நான் பார்த்தேன் மேடம்."

என் தம்பிதான். கயிறு இன்னும் அவன் இடுப்பில் இருந்தது.

"காலால தட்டிப் பார்த்துச்சு. வாலை வளைச்சுது. வச்சுது. இந்த இலை காலியாத்தான் இருந்துச்சு, என் கண்ணு முன்னால வச்சுது."

மேடம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இவங்க தம்பி."

"சிமெண்ட் அடிக்கப்போற சூப்பர்வைசரும் நான்தான். இதைச் சொல்றதால எனக்குத் தலைவலிதான் மேடம், வேற ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டி தினமும் இந்த வளைவுலதான் போறா. ஆனாலும் பார்க்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது."

மேடம் இலையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டார். "சரி. வலை கட்டுங்க. நான் எழுதிக்கறேன்."

என் தம்பி கீழே பார்த்து, பள்ளத்தாக்கு எதிரொலிக்கும்படி கத்தினான். "மெஷினை ஆஃப் பண்ணு!"

சத்தம் நின்றது. ஏதாவது சொல்ல நினைத்தேன், அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"வலை தாங்கலன்னு வை, உன்னைத்தான் இந்தச் சரிவுல குறுக்கக் கட்டி வைப்பேன்."

"கட்டுடா. பக்கத்துல இருந்து பார்க்க எனக்கும் வசதி."

நாங்கள் சாலைக்கு இறங்கியபோது மதிய பஸ் வளைவில் திரும்பியது. காலையில் டவுனுக்குப் போன தம்பி மனைவி அதில் இருந்தாள். மனசு கேட்காமல் அரை நாளிலேயே கடையைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். இன்றைக்கு அவள் கண்ணை மூடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையையும் கையையும் நீட்டி, நகமே இல்லாத விரல்களை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன். ஒன்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தலையை உள்ள இழு!" என்று என் தம்பி பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினான். "மேலேர்ந்து கல்லு வரும், உள்ள இழுடீ!"

பஸ் மறையும்வரை சரிவையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்து, சாலையோரத்தில் ஓர் இடம் பார்த்து ஓங்கிக் குத்தினான்.

"முதல் கம்பம் இங்க" என்றான். "வாக்கா, அந்த டேப்போட நுனியைப் பிடி."

பிடித்தேன்.